கெண்டை முள்

நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு வந்து உட்காரும் அறுபத்திரண்டு வயது மனிதரிடம், மீன் சாப்பிட்டீர்களா என்று எந்த நர்ஸும் கேட்க மாட்டாள். லிசியும் கேட்கவில்லை.

புத்தூரில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற சின்ன காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி அது. முன்பதிவெல்லாம் கிடையாது. வலியோடு வருகிறவர்களை நர்ஸ் லிசி முதலில் உட்கார வைத்து விசாரிப்பாள். யாரை உடனே உள்ளே அனுப்புவது, யாரைக் காக்க வைப்பது என்பது அவள் முடிவு. அவள் ஒரு தாளை வைத்துக்கொண்டு சடகோபனைக் கேட்டாள். எப்போதிலிருந்து வலி, எந்தப் பக்கம், காய்ச்சல் உண்டா, சர்க்கரை உண்டா. நேற்று மத்தியானத்திலிருந்து என்றார் அவர். வலப்பக்கம், எச்சில் விழுங்கினால் குத்துகிறது என்றார்.

"அப்ப என்ன சாப்பிட்டீங்க, சாமி?"

பக்கத்தில் மகள் பத்மாசினி உட்கார்ந்திருந்தாள். சடகோபன் சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சங்கத்துக் கூட்டத்துல சீடை குடுத்தா. கல்லு மாதிரி இருந்தது. கடிச்சு முழுங்கினப்போ கீறிடுத்து."

லிசி 'சீடை' என்று எழுதிக்கொண்டாள். பொய் அவ்வளவு சுலபமாகத் தாளில் ஏறியது.

குத்திக்கொண்டிருந்தது கெண்டை மீனின் முள். சங்கக் கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, ஓய்வுபெற்ற தொழிலாளர் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு சடகோபன் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறுவார். போய் இறங்குவது பாலக்கரையில், சேக் மைதீன் வீட்டில்.

இருவரும் திருவெறும்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரே கொட்டகையில் வெல்டிங் வேலை பார்த்தவர்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கேன்டீன் மூடிக்கிடந்தது. வேலை முடிய மாலையாகும் என்று தெரிந்தது. சேக் மைதீனின் கேரியரில் சோறும் மீன் குழம்பும் இருந்தன. சடகோபன் முதலில் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு குழம்பைத் தொட்டுக்கொண்டார். பிறகு மீனையும் சாப்பிட்டார். அதில் கொள்கை, புரட்சி என்று ஒன்றும் இல்லை. ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. நிறுத்த முயலவும் இல்லை. தனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டார். ஏகாதசியில் கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. சாப்பிட்ட அன்று அம்மா மண்டபத்தில் காவிரியில் முழுக்குப் போட்டு, திருமண்ணைப் புதிதாக இட்டுக்கொண்டுதான் வீட்டுப் படியேறுவார். இந்த விதிகளை அவர் ஒருநாளும் மீறியதில்லை. அதனால் தன்னை ஒழுக்கமானவர் என்றே நினைத்து வந்தார்.

அவருக்கு மீன் சாப்பிடத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. பிறந்த வீட்டில் பழகியிருந்தால்தானே நாக்குக்கு முள் தெரியும்? சேக் மைதீன் பேசிக்கொண்டே சாப்பிட்டு முள்ளை ஓரமாகத் தள்ளிவிடுவார். சடகோபனுக்கு அந்த வித்தை வரவில்லை. அதனால் சேக் மைதீனின் மனைவி ரஷீதா எதிரே உட்கார்ந்து, துண்டைப் பிரித்து, முள் எடுத்து, சதையை மட்டும் அவர் தட்டில் வைப்பாள். முள் குறைந்த வஞ்சிரமும் வவ்வால் மீனும்தான் வாங்கச் சொல்வாள். சின்னக் குழந்தைக்குச் செய்கிற மாதிரி இருக்கிறதே என்று அவருக்கு ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பத்து வருடத்தில் பழகிவிட்டது.

இந்த மாதம் ரஷீதா இல்லை. மகள் அல்ஷிஃபாவின் பிரசவத்துக்கு ஷார்ஜா போயிருந்தாள். சேக் மைதீன் தானே சமைத்தார். ஆற்று மீன், உயிரோடு துள்ளியது என்று பெருமையாகக் கெண்டை வாங்கி வந்தார். கெண்டையில் முள்ளுக்கு நடுவேதான் சதை இருக்கும். ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்து மூன்று வாரமான மனிதர், மூக்குக்கருகே துண்டைப் பிடித்து முள் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது வாய்ச் சோற்றில் முள் சிக்கிக்கொண்டது.

சேக் மைதீன் பதறிப்போய் சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் சொன்னார். மூன்று உருண்டை. அப்புறம் ஒரு வாழைப்பழம். முள் இறங்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்துகொண்டது.

காலையில் வாசல் குழாயடியில் எச்சிலை விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருந்தவரை பத்மாசினி பார்த்துவிட்டாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். நேற்றிலிருந்து என்றார். அவள் அதை நம்பவில்லை என்று தெரிந்தது. வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். பெருமாளுக்குத் தளிகை பாதியில் இருந்தது. அடுப்பை அணைத்தாள். தளிகையைப் பாதியில் நிறுத்துகிற பெண் இல்லை அவள். பெரிய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிட்டாள். தொண்டை வலிக்கு இத்தனை அவசரமா என்று சடகோபனுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. அவர் கவலை வேறாக இருந்தது.

அவர் மனைவி கமலவல்லி இறந்து நான்கு வருடம் ஆகிறது. அப்பா தனியாக இருக்கக் கூடாது என்று பத்மாசினி சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். அம்மா பார்த்துக்கொண்ட சாளக்கிராமத்தை இவள் பார்த்துக்கொண்டாள். அம்மாவைவிடக் கறாராக மடி பார்த்தாள். பள்ளியில் வேறு யாராவது அசைவ டப்பாவைத் திறந்தால் எழுந்து போய் மரத்தடியில் சாப்பிடுகிறவள். அவள் கோபப்பட்டால் சடகோபன் தாங்கிக்கொள்வார். அவள் தன்னைப் பார்த்து அருவருத்தால், பக்கத்தில் வராமல் விலகிக்கொண்டால், தாங்க மாட்டார். வேறு யார் இருக்கிறார்கள் அவருக்கு?

அதனால் நர்ஸிடம் தனியாகச் சொல்லிவிடுவது என்று திட்டம் போட்டிருந்தார். அது லேசில் நடக்கவில்லை.

உப்பிலியபுரத்திலிருந்து ஓர் ஆள், மூக்கில் ரத்தம் கொட்ட, தலையை அண்ணாந்து பிடித்தபடி வந்தான். கூட வந்தவர்கள் இன்னும் அண்ணாந்து பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். லிசி ஓடிவந்து அவன் பிடரியைப் பிடித்துக் குனிய வைத்தாள்.

"அண்ணாந்தா ரத்தமெல்லாம் வயித்துக்குத்தான் போவும். குனிங்க. மூக்கோட இந்த மெத்துன்னு இருக்க இடத்தை இறுக்கிப் புடிங்க. பத்து நிமிஷம் விடக் கூடாது, வாயால மூச்சு விடுங்க."

அவன் விட்டு விட்டுப் பார்த்தான். லிசி கடிகாரத்தைக் காட்டித் திரும்ப முதலிலிருந்து எண்ணச் சொன்னாள்.

அடுத்து ஒரு மூன்று வயதுக் குழந்தை, மூக்கில் பட்டாணி. குழந்தை யாரையும் கிட்டே விடவில்லை. லிசி அதன் அம்மாவுக்கே சொல்லிக்கொடுத்தாள். அடைக்காத பக்கத்து மூக்கை விரலால் மூடிக்கொண்டு, குழந்தை வாயில் வாய் வைத்து, முத்தம் கொடுக்கிற மாதிரிப் பொருத்தி ஒரே ஊதாக ஊத வேண்டும். முதல் தடவை பட்டாணி மூக்கு நுனிக்கு வந்தது. இரண்டாவது தடவை அம்மாவின் கன்னத்தில் வந்து ஒட்டியது. காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பத்மாசினி மட்டும் சிரிக்கவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சடகோபன் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்தார். லிசி போன பக்கமே போனார். "சிஸ்டர், ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்கும்போது பின்னால் மகளின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். எதிரேயே இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சேக் மைதீனுக்குப் போன் போட்டார்.

"இன்னும் அங்கதான் இருக்கா அது?" என்றார் சேக் மைதீன். அவர் குரலும் தூங்காத குரல்தான்.

"இருக்கு. சீடைன்னு சொல்லியிருக்கேன்."

"யாரு, நர்ஸுகிட்டயா? ஏன்யா அய்யங்காரே, வைத்தியம் பாக்கிறவங்ககிட்டப் போய்ச் சீடைங்கிற. நான் வேணா வந்து சொல்லட்டுமா? ஆட்டோல பத்து நிமிஷம்."

"நீ வந்தேன்னா நான் முள்ளோடயே செத்துப் போறேன், பாய்."

"அப்படிச் சொல்லாதய்யா. அல்லா காப்பாத்தணும். ராத்திரி பூரா என் கையாலதானேன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். கண்ணு சரியாத் தெரியலைன்னு உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சடகோபன் குழாயைத் திறந்து, வாயில் ஊறியதைத் துப்பினார். போனை வைத்தார்.

டாக்டர் கலைமதி சின்ன வயதுக்காரர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாக்கை அழுத்தி, ஆ காட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். லிசி எழுதிய தாளை ஒருமுறை பார்த்தார். வலது பக்கம் கொஞ்சம் சிவந்திருக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை என்றார். கடினமான பலகாரம் விழுங்கினால் இப்படிக் கீறுவது சகஜம், மூன்று நாளில் தானாக ஆறிவிடும், வாய் கொப்புளிக்க மருந்தும் வலிக்கு மாத்திரையும் தருகிறேன் என்று எழுத ஆரம்பித்தார்.

சடகோபனுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. தப்பித்தாயிற்று. அடுத்த கணமே எச்சில் விழுங்கினார். அது அங்கேயே இருந்தது. இந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போனால், முள்ளும் கூடவே வரும். அது சீழ் பிடிக்கும். நாளைக்கோ மறுநாளோ வேறு ஏதாவது சொல்லிக்கொண்டு தனியாக வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

"ஸ்கேன் எடுக்கணும், டாக்டர்" என்றாள் பத்மாசினி.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இதற்கு ஸ்கேன் தேவைப்படாது என்றார் பொறுமையாக. மூன்று நாள் பார்ப்போம், குறையவில்லை என்றால் வாருங்கள் என்றார்.

"மூணு நாள் எல்லாம் பார்க்க முடியாது. இன்னிக்கே எடுக்கணும்."

வகுப்பில் பேசுகிற குரல்தான், உரக்கவும் தெளிவாகவும் இருந்தது. ஆனால் பையின் ஜிப்பைத் திறக்க அவளால் முடியவில்லை. விரல்கள் இரண்டு தடவை வழுக்கின. மூன்றாவது தடவை திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தடித்த ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மேலே கமலவல்லி என்று எழுதியிருந்தது.

"எங்கம்மாவுக்கும் இதையேதான் சொன்னா. தொண்டை வலி, குரல் கட்டியிருக்கு, கொப்புளிங்கோன்னு சொன்னா. அஞ்சு மாசம் கொப்புளிச்சா அம்மா. அப்புறம் ஸ்கேன் எடுத்தப்போ எல்லாம் பரவியிருந்தது. இவர் நேத்துலேர்ந்துன்னு சொல்றார். பொய் சொல்றார், டாக்டர். எனக்குத் தெரியறது. ரொம்ப நாளா இருந்திருக்கு, என்கிட்ட மறைக்கறார்."

சடகோபன் அந்த ஃபைலைப் பார்த்தார். தூக்கி எறியச் சொல்லியிருந்தார், எறிந்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள். காலையில் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனது இதைத் தேடத்தான். குழாயடியிலிருந்து இங்கே வரைக்கும் இந்தப் பெண் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பக்கத்தில் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, தான் சீடையைப் பற்றிக் கதை ஜோடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவள் இரண்டாவது தடவையாக ஒரு சாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

"பத்மா," என்றார். "அது இல்லேம்மா. மீன் முள்ளு."

அவளுக்குப் புரியவில்லை. டாக்டருக்கு உடனே புரிந்தது. பேனாவை வைத்தார்.

"என்ன மீன்?"

"கெண்டை."

"நேத்துச் சாப்பிட்டப்பவே குத்துச்சா? அதுக்கப்புறம் சோத்து உருண்டை முழுங்கினீங்களா?"

"மூணு. ஒரு வாழைப்பழமும்."

எல்லாரும் செய்கிறதுதான், ஆனால் அது முள்ளை அழுத்திவிடும், இனிமேல் செய்யாதீர்கள் என்றார் டாக்டர். குரலில் வியப்போ சிரிப்போ இல்லை. இப்படி வாயை மட்டும் திறந்து பார்த்தால் தெரியாது, மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார்.

சடகோபன் மகள் பக்கம் திரும்பவில்லை. தொண்டையில் கசப்பான மருந்தைப் பீய்ச்சினார்கள். நாக்கு கனத்தது, பிறகு நாக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போயிற்று. குழாயை உள்ளே விட்டதும் எதிரே இருந்த திரையில் ஈரமான செந்நிறக் குகை மாதிரி ஒன்று தெரிந்தது. தொண்டைக்குள் நாக்கின் அடிவேரில், ஒரு சிறு பள்ளத்தில், வெள்ளையாக ஒரு கோடு நின்றது.

"இருக்கு," என்றார் டாக்டர்.

அதை எடுக்க வளைந்த இடுக்கி வேண்டும், தலை அசையக் கூடாது. லிசிதான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் வெளியே உப்பிலியபுரத்து ஆள் ரத்தத்தைப் பார்த்து மயங்கிவிட்டான் என்று கூப்பிட, அவள் ஓடிவிட்டாள். டாக்டர் பத்மாசினியைப் பார்த்தார்.

"பின்னாடி நின்னு அப்பா தலையைக் கெட்டியாப் புடிச்சுக்கிறீங்களா?"

சடகோபன் தன் நாக்கைத் தானே துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி காத்திருந்தார். ஒரு மனிதன் அதைவிடக் கேவலமாக உட்கார முடியாது. அவள் வெளியே போய்விடுவாள் என்று நினைத்தார். போனால் நியாயம்தான் என்றும் நினைத்தார்.

பிறகு இரண்டு உள்ளங்கைகள் அவர் காதுகளுக்கு மேலே வந்து அழுந்தின. சில்லென்று இருந்தன. தலையைப் பின்னால் இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவள் மூச்சு விடுவது அவர் மண்டையில் தெரிந்தது.

ஒரு தடவை குமட்டல் வந்து டாக்டர் கையை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை கிடைத்தது. வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார். ஒரு அங்குலம்கூட இல்லை. நுனியில் இரண்டாகப் பிரிந்து, மயிரைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது.

பத்மாசினி குனிந்து அதைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா, டாக்டர்? உள்ளே வேற ஒண்ணும் இல்லையே?"

வேறொன்றும் இல்லை, குழாயை விட்டபோது முழுக்கப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. சடகோபன் அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார். மீன் சாப்பிட்ட கை என்று நினைவு வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்துக்கு எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, மரத்திருப்பதால் புரையேறும் என்றார் டாக்டர். அப்புறம் ரெண்டு நாள் ஆறின, மெத்தென்ற சாப்பாடு. காய்ச்சல் வந்தாலோ கழுத்தோ நெஞ்சோ வலித்தாலோ உடனே வர வேண்டும்.

ஆட்டோவில் அவள் ஒரு ஓரமாகவும் அவர் ஒரு ஓரமாகவும் உட்கார்ந்தார்கள். நடுவில் பை. தில்லைநகர் தாண்டி, சத்திரம் தாண்டி, காவிரிப் பாலம் ஏறும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலத்தின்மேல் நெரிசலில் வண்டி நின்றபோது, திரும்பாமலே கேட்டாள்.

"எத்தனை வருஷமா?"

"முப்பது," என்றார். மரத்த நாக்கில் அது வேறு ஏதோ சொல் மாதிரி வந்தது. பத்து விரலையும் மூன்று தடவை விரித்துக் காட்டினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கும்தான். சடகோபன் தலையை ஆட்டினார். தெரியாது.



"நினைச்சாலே எனக்குக் குமட்டறதுப்பா. அது போகாது. போயிடும்னு நீ நினைச்சுக்காதே."

"சரிம்மா."

"ஆனா காலையில குழாயடியில உன்னைப் பார்த்தப்போ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பு மாதிரி ஒன்று, அல்லது சேக் மைதீனைப் பற்றி ஒன்று, அவருக்கே தெளிவில்லை.

"பேசாதே. வழியறது."

அவருக்குத் தெரியவே இல்லை. மரத்த உதட்டோரத்திலிருந்து ரத்தம் கலந்த எச்சில் தாடையில் இறங்கி, சட்டைக் காலரை எட்டியிருந்தது. அவள் பையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்து வந்தாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். வெளிர் மஞ்சள் துணியில் கறை பிடித்தது. அதைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். கறைபட்ட இடத்தை உள்ளே மடித்துக்கொண்டு, மறுபடி அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, இன்னும் ஒருமுறை துடைத்தாள்.